காஜா எடுத்தவர்

ஒரே விஷயத்தை யாராவது இரண்டு தடவை சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். வீட்டிலும் அப்படித்தான். அச்சுக்குப் போகும் முன் புத்தகங்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில் என்பதால் இந்தக் குணத்தை யாரும் குறை சொன்னதில்லை. நான் தொட்டால் புத்தகம் இளைத்துவிடும் என்று பதிப்பகத்தில் கிண்டல் செய்வார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு.

தி. நகரில் நாற்பது வருடம் சட்டை தைத்த ஒரு பாய், தன் கதையைக் கோடு போட்ட நோட்டுகளில் எழுதியிருந்தார். பதிப்பாளர் அதை என்னிடம் தள்ளினார். நல்ல எழுத்து. ஒரே ஒரு குறை. யாருக்கு என்ன தைத்தார் என்று சொல்லி முடித்ததும், 'காஜா எடுத்தது என் வீட்டுக்காரி' என்று எழுதிவிடுவார். பொத்தான் துளையைச் சுற்றி நூல் கட்டுவதுதான் காஜா. மாப்பிள்ளைச் சட்டை, வக்கீல் சட்டை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் எதுவானாலும் அந்த வரி வந்து நின்றது. மொத்தம் பதினொரு இடம்.

பத்தை அடித்தேன். "ஒரு தடவை சொன்னா போதும் பாய், படிக்கிறவங்க மறக்க மாட்டாங்க" என்று போனில் சொன்னேன்.

"நீங்க படிச்சவங்க, பாத்து செய்ங்க மேடம்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆனா புக்குல அவ இருக்கணும்" என்றார்.

"இருக்காங்க பாய்."

அப்போது அது உண்மை. ரம்ஜான் நேரத்துக் கடைக் கூட்டத்தைப் பற்றிய நீளமான அத்தியாயத்தில் ஒரு வரியை விட்டுவைத்திருந்தேன். பிறகு, புத்தகம் தடித்துவிட்டது, பதினாறு பக்கம் குறையுங்கள் என்றார் பதிப்பாளர். அந்த அத்தியாயத்தை அப்படியே தூக்கினேன். எதை நீக்கினாலும் பக்கத்து ஓரத்தில் ஒரு குறிப்பு வைத்து, எழுதியவரைக் கேட்டுவிட்டுத்தான் நீக்குவேன். அன்று வைக்கவில்லை. பாய் என்ன சொல்லிவிடப் போகிறார் என்ற இளக்காரம். அச்சான பிறகுதான் அவர் பார்த்தார். போனில் ஒன்றும் கேட்கவில்லை, வீட்டுக்கு மட்டும் அழைத்தார்.

மயிலாப்பூர் சந்து ஒன்றில் மாடி வீடு. அவர் மனைவி சேமியா பாயசம் கொடுத்தார். உருது படிப்பார், தமிழ் பேசத்தான் வரும். புத்தகத்தைத் துப்பட்டாவால் துடைத்து என் மடியில் வைத்தார்.

"என்னைப் பத்தி நெறைய எழுதிக்கீறேன்னு சொன்னாரு. எங்க கீதுன்னு கேட்டா, மேடம் வந்து படிக்கட்டும்னு சொல்லிக்கினு கீறாரு. நீ காட்டு மா."

பக்கங்களைப் புரட்டினேன். வரிக்கு வரி எனக்குத் தெரிந்த புத்தகம். அதில் அந்த அம்மா எங்குமே இல்லை என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது. மிச்சமிருந்த ஒரு வரியும் ரம்ஜான் அத்தியாயத்தோடு போயிருந்தது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. பாய் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. துணி வெட்டுவதைப் பற்றிய ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "மாப்பிள்ளைச் சட்டைக்குக் காஜா எடுத்தது என் வீட்டுக்காரி" என்று படித்தேன். என் குரல் நடுங்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"இன்னொரு தபா படி மா" என்றார் பாயின் மனைவி.

படித்தேன். அவர் தன் விரல் நுனிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

"பேத்தி தமிழ் நல்லா படிப்பா. ஞாயித்துக்கெழம வருவா, அவளுக்குக் காட்டணும். அந்தப் பக்கத்த மடிச்சி வெச்சிட்டுப் போ மா."

பாய் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்து பக்கத்தின் மூலையை மடித்தேன்.