ஜீப்புக்காக மூடிய கால்வாய்

புஷ்பா, சேகர்... போன செவ்வாய்க்கிழமை நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஊரார் சொல்லிச் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

1991 பிறந்ததிலிருந்து ஊருக்குள் கம்பெனிப் பேச்சுதானே? நம் ஏரிக்கும் ஒரகடம் ரோட்டுக்கும் நடுவில் அது வந்தால் தண்ணீருக்கும் பயிருக்கும் என்ன ஆகும் என்று பார்த்து எழுத, ஒரு ஆபீசர் வருவதாகத் தகவல்.

ஆபீசர் வெயிலில் நடப்பாரா? ஜீப் போக வழி வேண்டாமா? ஏரிக்கு மழைத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் குறுக்கே கிடந்தது. கோடைதானே, காய்ந்துதானே கிடக்கிறது... விடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடினேன். தண்ணீர் தெளித்து மிதித்தும் விட்டேன். இரண்டு பக்கமும் மிச்சக் கால்வாயை வேலிக்காத்தான் முள் மறைத்திருந்தது.

ஆபீசர் வந்தார். ஜீப் குலுங்காமல் வந்தது — எனக்கு ஒரே பெருமை! இறங்கினார், சுற்றிப் பார்த்தார், எழுதினார், வாய்விட்டுப் படித்தார்.

"இங்க கால்வாய் எதுவும் இல்ல. கம்பெனி மதிலைக் குறுக்க கட்டலாம்."

ஐயையோ! குறுக்கே மதில் வந்தால் ஏரிக்குத் தண்ணீர் ஏது? நம் நெல்லுக்குத்தான் ஏது?

கூட நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து நிலத்துக்காரர் தனம் அக்கா விடவில்லை. "இன்னாபா, ஜீப்புக்கு ரோடு போட்ட மவராசா! வாயில கொழுக்கட்டையா கீது? சொல்லேன்!"

சொன்னேன். "சார்... நீங்க நின்னுகினு இருக்கறதே கால்வாய் மேலதான். நான்தான் மூடிட்டேன்."

"எதுக்குய்யா மூடினே?"

"உங்க ஜீப்புக்குத்தான் சார்."

டிரைவர் சிரித்துவிட்டார். ஆபீசர் சிரிக்கவில்லை. முள்ளை விலக்கிக்கொண்டு நடந்தார். நாங்களும் பின்னாலேயே... அந்தப் பக்கம் கால்வாய் ஏரி வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. திரும்பி வந்து எழுதியதை அடித்தார். மதில் கால்வாயை விட்டுத் தள்ளித்தான் வரவேண்டும் என்று எழுதி, அக்காவுக்குப் படித்தும் காட்டினார்.

அப்பாடா! அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

"அடுத்த தபா ஏரியையும் மூடி வெச்சுடாதே!" — அக்கா போகிறபோக்கில் ஒரு போடு போட்டார்.

நாம் ஏன் இப்படி? டாக்டரைப் பார்க்கப் போகும்போது வலியை வீட்டிலேயே வைத்துவிட்டா போகிறோம்? உள்ளதைப் பார்க்க வருகிறவருக்கு உள்ளதைக் காட்டுவதுதான் மரியாதை, பிள்ளைகளா.

ஜீப் அதே வழியில் திரும்பிப் போகும்வரை காத்திருந்தேன். எல்லோரும் போனபின் மண்வெட்டியோடு தனியாக வந்து, டயர் தடத்திலிருந்தே வெட்டத் தொடங்கினேன்.