அண்ணாவைக் கண்டவர்

பெரியம்மாவைக் காவல் காக்கும் உத்தியோகத்தை மாமாதான் எனக்குத் தந்தார். அப்போது எனக்கு எட்டு வயது, மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சண்டை முடிந்து தர்மபுரத்துக்குத் திரும்பி, வீட்டுத்திட்ட வீட்டுக்குக் கூரை போட்டு, ஜன்னல்களுக்கு இன்னும் சாக்குத் தொங்கவிட்டிருந்த காலம் அது. அம்மாவும் அப்பாவும் விடியற்காலை வெள்ளாப்பிலேயே வயலுக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூட விடுமுறையில் வீட்டில் இருப்பது பெரியம்மாவும் நானும்தான்.

"காணாமல்போன பிள்ளையளைக் கண்டனாங்கள் எண்டு சொல்லிக்கொண்டு கொஞ்சப்பேர் திரியினமாம். வயசுபோன ஆக்களாப் பார்த்துத்தான் ஏமாத்தினமாம். ஆரும் வந்தால் உடனை ஓடிவந்து எனக்குச் சொல்லு" என்றார் மாமா. அவருடைய கடை இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தது. பெரியம்மாவிடம் இதைச் சொன்னால் கோபிப்பார் என்பதால் இது எங்கள் இருவருக்குள்ளும் இருக்கட்டும் என்றும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பெரியம்மாவுக்கு ஒரே ஒரு மகன். கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். அந்த அண்ணாவின் படமும் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. இடம்பெயர்ந்து திரிந்தபோது மழை பட்டு, படத்தின் இடது கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்துவிட்டது. கிளிநொச்சியில் கொடுத்துப் பெரிதாக்கியபோது பொட்டும் சேர்ந்து பெருத்தது. கீழே பெயரும் ஊரும் எழுதிய அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு தெருவோரத்தில் நிற்பார். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்த மனிதர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சேட்டுப் பையில் பேனை, நெற்றியில் திருநீறு, நல்ல மரியாதையான ஆள். படலை வாசலிலேயே நின்று, "அம்மா, உங்கடை மகனோடை நான் ஒரே இடத்திலை இருந்தனான்" என்று அண்ணாவின் பெயரையும் சொன்னார். நான் எழும்பிப் பின்பக்கமாக ஓடப் பார்த்தேன். பெரியம்மா என் கையை எட்டிப் பிடித்தார். "விருந்தாளி வந்திருக்கேக்கை எங்கை ஓடுறாய்? குசினிக்கை போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணி வை." காவல்காரிக்கு இப்படியொரு வேலை வரும் என்று மாமா சொல்லித்தரவில்லை.

தேநீரோடு வந்தபோது பெரியம்மா கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார்.

"மெலிஞ்சு போனானோ, தம்பி?"

"ஓம் அம்மா, கொஞ்சம் மெலிவுதான்."

"கத்தரிக்காய் தொடமாட்டான். இப்பவும் அப்பிடியோ?"

"இப்பவும் தொடமாட்டார்."

"இராவிலை இருமுவானே?"

"அந்த இருமல் இன்னும் போகேல்லை அம்மா."

விடையைக் கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டுச் சோதனை வைக்கிற ரீச்சரைப் போல இருந்தது எனக்கு. பெரியம்மாவுக்கு இதுகூடவா தெரியவில்லை என்று எரிச்சலாகவும் வந்தது. அந்த நேரம் பார்த்து வந்தவர், "அந்தக் கன்னத்து மறுவைத் தடவிக்கொண்டு எந்த நேரமும் உங்கடை கதைதான்" என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணாவுக்கு மறு இல்லை! அது படத்திலை மழை பட்டது!" என்று கத்திவிட்டேன்.

அவருடைய கையில் தேநீர்க் கோப்பை அப்படியே நின்றது. பெரியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "அவள் சின்னன். கணக்கெடுக்காதேங்கோ தம்பி. பிறக்கேக்கையே இருந்த மறு அது" என்றார்.

மழை பட்ட கதையை எனக்குச் சொன்னதே பெரியம்மாதான். படத்தை மடியில் வைத்துச் சீலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துச் சொன்னவர். அண்ணாவின் முகம் எனக்கு அந்தப் படத்தில்தான் தெரியும். ஒருவேளை மறு இருந்ததோ, நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

முகாமில் இருக்கும் யாரோ ஒரு பெரிய அதிகாரிக்கு ஏதாவது கொடுத்தால் அண்ணாவைப் பார்க்க விடுவார்கள் என்றார் வந்தவர். பெரியம்மா காதுத் தோட்டைக் கழற்றினார். சிவப்புக் கல் தோடு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியபோதும் காதோடு வந்தது அது ஒன்றுதான். அதோடு, அண்ணாவுக்கு விருப்பம் என்று எள்ளுருண்டையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். அந்த மனிதர் அதையும் கூசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

மோட்டார் சைக்கிள் ஒழுங்கை திரும்பிய பிறகுதான் நான் மாமாவிடம் ஓடினேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கே போய்ப் பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். பெரியம்மாவோ ஒன்றும் நடக்காதது போல, அடுத்த நாளும் எள்ளு வறுத்தார். தோடில்லாத காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தார்.

சில கிழமைகளுக்குப் பிறகு விசுவமடுவில் ஓர் ஆளைப் பிடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. அடையாளம் காட்ட மாமா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். பொலிஸ் நிலையத்து வாங்கில் அதே மனிதர் உட்கார்ந்திருந்தார். திருநீறு மட்டும் இல்லை. மேசையில் கடதாசி விரித்து, நாலைந்து பேருடைய நகைகளோடு பெரியம்மாவின் தோட்டையும் வைத்திருந்தார்கள்.

"இந்த ஆள்தானே அம்மா?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

பெரியம்மா கிட்டப் போய் அவருடைய முகத்தைக் கனநேரம் பார்த்தார். அவரோ நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர் இல்லை" என்றார் பெரியம்மா.

"தோடு?"

"இது என்ரை இல்லை."

நான் வாயைத் திறந்தேன். பெரியம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை நோகும்படி இறுக்கின. என்னிடமும் கேட்டார்கள். மாமா கண்ணாலேயே சொல்லு, சொல்லு என்றார். யாருடைய பக்கம் நிற்பது என்று தெரியாமல் நான் அழத் தொடங்கினேன். சின்னப்பிள்ளையை வெருட்ட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸுக்கு நின்றபோது மாமா வெடித்தார். "உங்களுக்கென்ன விசரே அக்கா? ஆளும் அவன்தான், தோடும் உங்கடைதான். ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் கைக்கு வந்திருக்கும்!"

பெரியம்மா தெருவைப் பார்த்தபடியே கேட்டார். "அவனைக் கள்ளன் எண்டு நான் சொன்னால், பிறகு என்ரை பிள்ளையைக் கண்டது ஆர்?"

எனக்கு விடை உடனே தெரிந்தது. இவ்வளவு லேசான கேள்விக்கு மாமா முழிக்கிறாரே என்ற உற்சாகத்தில், "ஒருத்தரும் காணேல்லை, பெரியம்மா!" என்றேன்.

பிடரியில் பளார் என்று ஓர் அடி விழுந்தது. மாமா என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். சரியாகச் சொன்னதற்கு ஏன் அடி என்று விளங்காமல் நான் வீறிட்டு அழுதேன். பெரியம்மா என்னை இழுத்து மடியோடு அணைத்துப் பிடரியைத் தடவிவிட்டு, "விடு தம்பி, அவளுக்கு ஒண்டும் தெரியாது" என்றார்.

அடியைவிட எனக்கு அதுதான் பெரிய கோபம்.