குளக்கரையில் விட்டு வந்த மாத்திரைகள்

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பும் நின்றுவிட்டது. பட்ட நன்றிக்கடனுக்காக எழுதுகிறேன்.

ஊர் சுரக்குடி. திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் அறை துடைக்கிற வேலை. சென்ற ஆண்டு சித்திரையில் இருமல் வந்தது. சளியைப் பரிசோதித்து டிபி என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. சோறு இறங்காது, சிறுநீர் சிவப்பாகப் போகும், படியேறினால் கால் நடுங்கும். வேலை போய்விடுமோ என்று யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. ஒரு சனிக்கிழமை கோயில் குளமான நளதீர்த்தத்தில் முழுகினேன். பீடை இதோடு போகட்டும் என்று ஈரச் சட்டையைக் கரையில் விட்டேன். மாத்திரை அட்டையையும் அதன் மேலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

மாத்திரை கொடுக்கும் சுகாதார நிலையத்து அம்மா நாலு முறை வீடு தேடி வந்தார். "இல்லைன்னு சொல்லு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கொல்லையில் உட்கார்ந்திருந்தேன்.

ஐப்பசி மழையில் இருமல் திரும்பியது. துண்டில் ரத்தம். அதே வாரம் பதினோராவது படிக்கும் என் மகளும் இருமினாள். எனக்கு உயிரே இல்லை. சனீஸ்வரன் சன்னதிக்குப் போனேன். "என்னை என்ன வேண்டுமானாலும் செய். அவளை விட்டுவிடு." வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

வெளியே எள் விளக்கு ஏற்றும் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பினார். அதே அம்மா.

"அண்ணே, வீட்டுல இல்லாத ஆளு இங்கதான் இருக்கீங்களா?"

தலை குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"துணிய விட்டீங்க, சரி. மாத்திரையையும் ஏங்க விட்டீங்க?"

"சாமி பாத்துக்குவாருன்னு..."

"பாத்துதான் என்னைய உங்க முன்னாடி நிக்க வச்சிருக்காரு. பாப்பாவையும் அண்ணியையும் நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. வரலன்னா கொல்லப் பக்கமா வருவேன்!"

மகளுக்கு வெறும் சளி. மனைவிக்கும் நோயில்லை. அந்தச் சேதி கேட்ட பெஞ்சிலேயே அழுதேன். எனக்கு மறுபடி பரிசோதனை, மறுபடி முதலிலிருந்து மருந்து. ஒவ்வொரு நாளும் மலைதான். கும்பிட்டுவிட்டு விழுங்கினேன். ஒரு நாளும் விடவில்லை. இப்போது சளியில் கிருமி இல்லை. களைப்பு மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை. போகும்.

உங்களில் யாருக்காவது இருமல் நிற்காமல் இருந்தால் சாமியிடம் சொல்லுங்கள். கட்டாயம் கேட்பார். அவர் அனுப்பிய ஆள் வாசலில் நின்று கூப்பிடும்போது மட்டும், என்னைப் போல, "இல்லைன்னு சொல்லு" என்று வீட்டாரிடம் சொல்லாதீர்கள்.