சூசையண்ணை திருப்பி மாட்டிய தகரமீன்

இன்று நானும் மன்னார் சூசையண்ணையும் டென்மார்க்கின் சில்க்போர்க் ஊரில் தூண்டில் கடைக்குப் போனோம்.

இந்த அகதி முகாமுக்கு வந்ததிலிருந்து அந்த மனிசன் ஜன்னலால் ஏரியைப் பார்த்தபடியே இருக்கிறார். மீன் பிடித்தாலாவது ஆள் தேறும் என்று நினைத்தேன்.

ஏரிமீன் பிடித்துப் பழக, கடைக்காரர் சின்னத் தடியும் மெல்லிய தங்கூசி நூலும் தந்தார். இரைக்குப் பதில் பளபளக்கும் தகரமீன்.

“அண்ணை, உங்கட பல்லைவிட மினுங்குது!”

வந்தபிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

அப்போதுதான் கடைக்காரர், ஏரியில் பிடிக்க அனுமதி அட்டை வேண்டும் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார்.

அண்ணையின் முகம் கறுத்தது. “பாஸோ? ஆர் பாக்கிறது? நேவியோ?”

கடைக்காரரிடம் கேட்டுச் சொன்னேன். “சைக்கிளில ஒரு கிழவர் வருவாராம்.”

“துவக்கோடயோ?”

“இல்லையண்ணை, நாயோட.”

அவர் தகரமீனைக் கொளுக்கியில் திருப்பி மாட்டினார். “என்ரை தம்பியும் மீன்பிடிக்க நேவியிட்டப் பாஸ் வச்சிருந்தவன்தான். கடலில சுட்டுப்போட்டாங்கள். வா, போவம்.”

 

தடியையும் தகரமீனையும் நானே வாங்கிவந்தேன். எனக்கோ மீன் பிடிக்கத் தெரியாது. இந்தத் தாளை முகாம் சமையலறைக் கதவில் ஒட்டுகிறேன். அண்ணையை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போக, என்னோடு வருகிறவர்கள் கீழே பெயர் எழுதுங்கள்.

நாய்க்கு எலும்பு என் பொறுப்பு.