மாஸ்டர் அளந்த கிராபிக்ஸ் கார்டு

கடையில் மாதிரிக்கு வைத்திருக்கும் கிராபிக்ஸ் கார்டின் மேல் டேப்பை நீட்டி, மறுபடியும் அளக்கிறார் டெய்லர் மாஸ்டர்.

"இதென்ன ஜாக்கெட்டா மாஸ்டர்?" என்கிறார் கம்ப்யூட்டர் கடைக்காரர்.

"சும்மா இரு தம்பி. வெட்டினப்புறம் அழக் கூடாது."

புதுக் கம்ப்யூட்டருக்கான எல்லாவற்றையும் தடவிப் பார்த்துத்தான் எடுப்பார். விளக்கு மின்னும் ரேம் மெமரியை, "ஜிகினா வேலை எதுக்கு?" என்று தள்ளினார். பிராசசர் நடுத்தரமானது போதும். பவர் சப்ளையில் மட்டும் கை இறுகவில்லை. "நூல் மட்டமா இருந்தா பட்டும் பிரிஞ்சுபோகும்." மீதிப் பணமெல்லாம் இந்தக் கார்டுக்கு.

தூர தேசத்தில் வாழ்க்கைப்பட்ட மகளுக்காகத்தான் இத்தனையும். போனில் "சாப்டேன்ப்பா, வெச்சிடறேன்" என்பதோடு சரி. அப்பாவும் மகளுமாக கம்ப்யூட்டரில் துப்பாக்கி கேம் ஆடினால் மட்டும், சுட்டுக்கொண்டே மனதில் உள்ளதைக் கொட்டுவாள். பழைய கம்ப்யூட்டர் புகைந்துபோனதும் அந்த வழியும் அடைத்துவிட்டது. போன வாரம் குரல் கம்மியிருந்தது. கேட்டதற்கு, "சளிப்பா" என்றாள். இன்று சாயங்காலம் ஆட வருவதாக மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

"பெட்டியோட சீலைப் பிரிச்சா திரும்ப எடுக்க மாட்டேன், மாஸ்டர்."

வீட்டில், கடவுளே என்று சொல்லி பெட்டியின் சீலை வெட்டினார். மற்ற பாகங்களைப் பூட்டியிருந்த கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் கார்டை இறக்கினார். முன்னால் இருந்த ஃபேனில் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு விரற்கடைதான். வெறும் கேபினெட்டை அளந்தவர், ஃபேனின் தடிமனை விட்டுவிட்டார். ஊராருக்கெல்லாம் தையலுக்குத் துணி விட்டு வெட்டுகிற மனுஷன்!

"டைட்டா? உங்க கஸ்டமருக்குத்தான் இப்படி ஆகும்னு நெனச்சேன்" என்றாள் மனைவி. அவர் சிரிக்கவில்லை. அவளும் குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, புள்ள காத்துட்டிருப்பாளே."

ஃபேனைக் கழற்றினார். முன்மூடியைப் பிரித்து, தகட்டுக்கு வெளிப்பக்கமாக அதை வைத்துத் திருகினார். மூடி எப்படியோ பூட்டிக்கொண்டது. கார்டு நழுவி 'டிக்' என்று உட்கார்ந்தது. பட்டனை அழுத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு, ஆண்டவன் புண்ணியத்தில், வெளிச்சம் வந்தது.

கேமை ஏற்றி, ஹெட்போனை மாட்டினார்.

"லேட்டுப்பா நீ! என் பின்னாடி வா, சுடு!"

சுட்டார். ஓடி, பதுங்கி, மறுபடியும் சுட்டார்.

"அப்பா... அவரு என்னை விட்டுட்டுப் போயிட்டாருப்பா."

திரையில் மாஸ்டருடைய ஆளைச் சல்லடையாகத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். கீபோர்டு சத்தத்தில் அவள் பேச்சு நின்றுவிடுமோ என்று, அவர் பத்து விரல்களையும் மெல்லத் தூக்கி, அப்படியே காற்றில் பிடித்துக்கொண்டிருந்தார்.