கொடி பிடித்தவர் விழ மறுத்த போர்

ஈராக்கில் சண்டை தொடங்கிய வருடம், என்னோடு ஒரே காரில் வேலைக்கு வந்துகொண்டிருந்த நண்பர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சேர்ந்தார்.

அந்தப் போர் முடிந்து ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் அமெரிக்காவில் நாங்கள் குடியிருந்த பிரிட்ஜ்வாட்டர் பக்கம் அதை விடாமல் நடத்திவந்த ஒரு குழு இருந்தது. அந்நாளில் எங்கள் வட்டாரத்து ஆண்கள் தாமாக முன்வந்து சேர்ந்த காலாட்படை ரெஜிமெண்ட் ஒன்று வடக்கு மாநிலங்களுக்காகப் போரிட்டது. அதன் சீருடையை அணிந்து, அது போட்ட சண்டைகளைக் கோடை வார இறுதிகளில் பூங்காக்களில் மறுபடி போட்டுக் காட்டுவார்கள். கணக்காளர் ஒருவர், பிளம்பர் ஒருவர், இன்னும் பலர். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் கேப்டன்.

நண்பர் கீழக்கரைக்காரர், சாப்ட்வேர் டெஸ்டர். அவரை நான் பாய் என்பேன். நான் சென்னையில் நாளிதழ் நிருபராக இருந்துவிட்டு, இங்கே சாப்ட்வேருக்கு உதவிக் குறிப்பு எழுத வந்தவன். அதனால் அவர் என்னை ரிப்போர்ட்டரே என்பார். அவருடைய கிரீன் கார்டு விண்ணப்பத்தில் எல்லாம் முடிந்து, பெயர் சரிபார்ப்பு மட்டும் பாக்கி இருந்தது. அதில் எதைச் சரிபார்க்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது, வக்கீலுக்கும் தெரியாது.

தெருத் திருவிழா ஒன்றில் அந்தக் குழுவின் கம்பளிக் கோட்டு போட்ட ஒருவர் அவரை நிறுத்தி, “சேர்ந்துகொள்கிறீர்களா?” என்று கேட்டிருக்கிறார். அந்தச் சமயத்தில் பாயிடம் பலரும் பல கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்படிக் கேட்டவர் இவர் ஒருவர்தான். பாய் சேர்ந்துவிட்டார்.

நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது விஷயம் வெடித்திருந்தது.

“துப்பாக்கியா? உங்களுக்கா?” என்றார் அவர் மனைவி. “கார் டிக்கில வச்சுக்கிட்டு ஃப்ரீவேல போவீங்களா? போலீஸ் நிறுத்திக் கேட்டா என்ன சொல்லுவீங்க, நார்த் சைடுக்காகச் சண்டை போடப் போறேன்னா?”

“அது அந்தக் காலத்து மாடல்மா. குண்டே கிடையாது, வெறும் சத்தம்தான்.”

“சத்தமே போதும். அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. ஏர்போர்ட்ல இவங்க பேரைப் பாத்தாலே தனியா கூட்டிட்டுப் போறான். நேம் செக் வேற பெண்டிங்ல இருக்கு.”

வக்கீலைக் கேட்டார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பது இரண்டாவது, விசாவில் இருப்பவர் துப்பாக்கியைத் தொடாமல் இருப்பதே நல்லது என்றார் வக்கீல். பாய் விலகப் போனார். கேப்டன் விடவில்லை. ரெஜிமெண்டில் கொடி பிடிப்பவருக்குத் துப்பாக்கி கிடையாது, அந்த இடம் காலியாக இருக்கிறது என்றார்.

“கொடிதானே?” என்றார் மனைவி. “அது நல்லது.”

அந்த இடம் ஏன் காலியாக இருந்தது என்பதை நூலகத்தில் ரெஜிமெண்டின் வரலாற்றைப் படித்துத் தெரிந்துகொண்டேன். புகைமூட்டத்தில் கண்ணுக்குத் தெரிவது கொடி ஒன்றுதான். நம் ஆட்கள் அதைப் பார்த்து நடப்பார்கள், எதிரிகள் அதைப் பார்த்துச் சுடுவார்கள். இந்த ரெஜிமெண்டில் கொடி பிடித்தவர்கள் அடுத்தடுத்து விழுந்திருந்தார்கள். அதைவிட அதிகம் பேர் டைபாய்டிலும் பேதியிலும் போயிருந்தார்கள். பேதியை யாரும் பூங்காவில் நடித்துக் காட்டுவதில்லை.

யார் எப்போது சாவது என்பதைக் காலையிலேயே பேசி முடித்துவிடுவார்கள். முதலில் சாக ஆள் கிடைப்பது கஷ்டம். தூரத்திலிருந்து காரோட்டி வந்து, ஜூலை வெயிலில் கம்பளிக் கோட்டு மாட்டியவர் முதல் வேட்டிலேயே படுத்துவிட விரும்புவதில்லை. நேரம் ஆக ஆக, மர நிழலில் சாவதற்குப் போட்டி வந்துவிடும். கொடிக்காரருக்கு மட்டும் இந்தச் சலுகைகள் இல்லை. வர்ஜீனியாவில் ஒரு கல்சுவருக்கு முன்னால் அவர் விழுந்தார், கொடி மண்ணில் விழுந்தது, இன்னொருவர் ஓடிவந்து எடுத்தார் என்று வரலாறு சொல்கிறது. கணக்காளர்தான் அந்த இன்னொருவர்.

அவருடைய முதல் சண்டையைப் பார்க்க நானும் பூங்காவுக்குப் போயிருந்தேன். தொடங்குவதற்கு முன் பாய் என்னைத் தேடி வந்தார்.

“ரிப்போர்ட்டரே, பேப்பர்லேர்ந்து யாராவது வந்திருக்காங்களா?”

“அதோ, மரத்தடியில ஒரு போட்டோகிராபர்.”

“எதை எடுப்பார்?”

தொழில் தெரிந்தவனாகப் பதில் சொன்னேன். “இதுல இருக்கிறதே ஒரு படம்தான் பாய். நீங்க விழறீங்க, கொடி தரையில. அதைத்தான் போடுவாங்க.”

“கீழ என் பேரு வருமா?”

“பேரு இல்லாம எப்படிப் போடுவாங்க?”

பாய் கொடியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போய் வரிசையில் நின்றுகொண்டார்.

சண்டை ஒழுங்காகத்தான் தொடங்கியது. பிளம்பர் செத்தார். அவரைச் சுற்றி நாலைந்து பேர் செத்தார்கள். கேப்டன் வாளை உயர்த்தி, கொடி விழலாம் என்று குரல் கொடுத்தார். பாய் நின்றார். சுவருக்குப் பின்னாலிருந்த தெற்குப் படையினர் வேலையில் நேர்மையானவர்கள், மறுபடி சுட்டார்கள். பாய் நின்றார். காலடியில் கிடந்த பிளம்பர் வாயை அசைக்காமல், “யூ ஆர் டெட், மேன்” என்றாராம். “நோ சார்” என்றாராம் பாய். கணக்காளர் வந்து கொடிக்கம்பைப் பிடித்துப் பார்த்தார். பாய் விடவில்லை. கை மாறும்போது நழுவிவிட்டால் என்ன செய்வது என்று பயந்ததாகத் திரும்பும்போது காரில் சொன்னார்.

கடைசியில் எங்கள் ரெஜிமெண்ட் முழுவதும் புல்லில் கிடந்தது, கொடிக்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். தெற்குப் படையிடம் வெடிமருந்து தீர்ந்துவிட்டது. யார் ஜெயித்தார்கள் என்று பார்வையாளர்களுக்குப் புரியவில்லை. கைதட்டினார்கள்.

கேப்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஏன் என்று மட்டும் கேட்டார். பாய் எல்லாவற்றையும் சொன்னார்: பெயர் சரிபார்ப்பு, போட்டோகிராபர், மண்ணில் கிடக்கும் அமெரிக்கக் கொடி, அதற்குக் கீழே தன் பெயர்.

கேப்டன் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, சுவருக்கு முன்னால் நிஜமாக விழுந்தவன் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தவன் என்றார். குடிமகன் இல்லை. படையில் இருந்து நல்லபடியாக வெளியே வந்தால் சீக்கிரமே குடியுரிமை கொடுத்தார்கள். அவன் வெளியே வரவில்லை.

“அவருக்கு நேம் செக் இருந்ததா?” என்று கேட்டார் பாய்.

“இல்லை. பல்லைப் பார்த்தார்கள்” என்றார் கேப்டன். தோட்டாவின் காகித உறையைக் கடித்துக் கிழிக்க முன்பற்கள் வேண்டும்.

பத்திரிகையில் படம் உள்பக்கத்தில் சிறியதாக வந்தது. கொடி நேராக நின்றது. பாயின் மனைவி அதை வெட்டி வக்கீலுக்கு அனுப்பினார். கோப்பில் சேர்த்திருப்பதாக வக்கீல் பதில் எழுதினார்.

அடுத்த சண்டையின் காலைக் கூட்டத்தில் கேப்டன் ஓர் அறிவிப்புச் செய்தார். மறு உத்தரவு வரும்வரை கொடி பிடிப்பவர் சாகமாட்டார். எப்போது வரும் என்று பிளம்பர் கேட்டார். அது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது என்றார் கேப்டன். இப்படிச் சில கோடைகள், வரலாற்றில் விழுந்த கொடி எங்கள் பூங்காக்களில் விழாமல் நின்றது.

கிரீன் கார்டு ஒரு வசந்த காலத்தில் தபாலில் வந்தது. அதற்கடுத்த சண்டைக்கு அவர் மனைவி முதல்முறையாக மகளோடு வந்தார், பெரிய பாத்திரம் நிறையப் பிரியாணியோடு. பாய் முதல் வேட்டிலேயே விழுந்தார். பேசி வைத்திருந்ததற்கு வெகு முன்னால். கொடி அவர்மேல் சரிந்து புல்லில் கிடந்தது. கணக்காளர் தயாராக இல்லை, தண்ணீர் பாட்டிலை எறிந்துவிட்டு ஓடிவந்தார்.

“என்னடி, வாப்பா எழுந்திரிக்கவே இல்லை?” என்று மகளிடம் கேட்டார் மனைவி.

“ஹீ இஸ் டெட், மா.”

“செத்தது போதும்னு சொல்லு. சோறு ஆறுது.”

பியூகிள் ஊதும்வரை இறந்தவர்கள் எழக்கூடாது என்பது விதி. பியூகிள் ஊதினார்கள். பிளம்பர் எழுந்து புல்லைத் தட்டிவிட்டார். மற்றவர்களும் எழுந்தார்கள். பாய் இன்னும் சிறிது நேரம் படுத்திருந்தார்.