பின்பக்கமாக மலை ஏறிய கார்

எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளையிடம் ஒரு ஜீப் இருக்கிறது. சனிக்கிழமை விடிந்ததும் சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு நக்கிள்ஸ் மலைப்பக்கம் போவார். ஞாயிறு மாலை சேறும் சகதியுமாகத் திரும்புவார். அந்தச் சேற்றை லேசில் கழுவமாட்டார். கட்டுகஸ்தோட்டையில் நாலு பேராவது பார்த்து வாயைப் பிளக்க வேண்டாமா? போன வாரம் என்னை எங்கள் கேட் வாசலில் மடக்கி, போனில் எடுத்த படத்தைக் காட்டினார். ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்குகிறது, ஏறுகிறது, எல்லோரும் 'ஓ' என்று கத்துகிறார்கள். "இந்த மாதிரி ரோட்டெல்லாம் நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க அங்கிள்" என்றார். பொனட்டிலிருந்து எழுந்த சூட்டோடு பெட்ரோல் வாசனை வந்தது. எனக்கு அது போதும், ஐம்பதுகளின் கண்டிக்குப் போய்விட்டேன்.

அந்த நாட்களில் என் மேல் வீசியதென்னவோ ஹைப்போ மருந்து வாசனைதான். ஸ்டூடியோவில் படம் கழுவும் இருட்டறையில் எனக்கு வேலை. எவ்வளவு சவுக்காரம் போட்டாலும் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், ஏதோ தொற்றுநோய்க்காரன் என்று நினைத்து நகர்ந்துகொள்வார்கள். ஸ்டூடியோவில் சாவி கொடுத்தால் ஓடுகிற சின்ன சினிமாக் கேமரா ஒன்று இருந்தது. கப்பலேறிப் போன ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை விற்றுப்போனது. அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். என்ன பெரிய வித்தை! சாவியை முறுக்கிப் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டால் என் நடையே மாறிவிடும்.

இன்னொரு துரை விட்டுப்போன கார், இரும்புக்கடை முதலாளி வீட்டில் இருந்தது. அப்போது கண்டியில் வசதியுள்ளவர்களுக்குப் பிடித்திருந்த வியாதி அது. துரை போகலாம், அவருடைய தொப்பியும் காரும் உல்லாசப் பயணமும் மட்டும் போகக்கூடாது. முதலாளியின் மகன் தியாகுவுக்கு வியாதி முற்றியிருந்தது. காக்கித் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வாயில் பற்றவைக்காத பைப். காரை முன்னால் ஓட்டுவார். பின்னால் எடுக்க வராது. மாலையில் வாசலில் நிறுத்திவிட்டுப் பெருமிதமாக உள்ளே போய்விடுவார். அதைப் பின்பக்கமாக எடுத்து, ஒடுங்கிய ஷெட்டுக்குள் கீறல் விழாமல் விடுவது அவருடைய தங்கை சரோஜா அக்கா. அந்த வீட்டுச் சட்டம் அப்படி. பெண்பிள்ளை கேட்டுக்கு உள்ளே கார் ஓட்டலாம்; வெளியே ஓட்டினால் குடும்ப மானம் போய்விடும்.

சரோஜா அக்காவுக்குத் தெல்தெனியாவில் ஒரு பாடசாலையில் டீச்சர் வேலை கிடைத்தது. ஜனவரியில் சேர வேண்டும். பஸ்ஸை நம்பினால் முதல் பாடம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். அங்கே அறை எடுத்துத் தங்க முதலாளி விடமாட்டார். பகலெல்லாம் ஷெட்டில் தூங்குகிற காரைத் தந்தால் தானே ஓட்டிப் போய் வருவதாகக் கேட்டார் அக்கா. முதலாளி 'இல்லை' என்று சொல்லத் தைரியமில்லாத மனிதர். அந்த நேரம் தியாகு தன் மலைப் பயணத்தைப் படமெடுக்க என்னைக் கேமராவோடு பேசி வைத்திருந்தார்.

"வாசல்ல ஓட்டுறது பெரிய விசயமில்ல. தியாகு மலைக்குப் போறானே, கூடப் போய் ஓட்டிக் காட்டு. நான் படத்துல பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். முழங்கால் வாதத்தால் அவர் எங்கேயும் போகமுடியாது. ஆக, அக்காவின் வேலை என் கேமராவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறு கிளம்பினோம். திகன வரை அக்காதான் ஓட்டினார். தேத்தண்ணிக்கு நிறுத்திய இடத்தில் கடைக்கார முஸ்லிம் நானா எட்டிப் பார்த்து, "மாஷா அல்லாஹ், தங்கச்சி என்ன அழகா ஓட்றா! தொரைக்கு ஓட்டத் தெரியாதா?" என்று கேட்டார். பாவம், நல்ல மனதோடு கேட்டார். தியாகுவின் முகம் கறுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஆள் நடமாட்டம் உள்ள இடத்திலும், நான் கேமராவை எடுக்கிற இடத்திலும் ஸ்டியரிங் அவர் கையில்தான். தெல்தெனியாக் கடைவீதியில் தியாகு. வயல் ஓரத்தில் தியாகு. ஆற்றுப் பாலத்தில் தியாகு, பைப்புடன்.

"அண்ணே, அப்பா பாக்கணுமே. என்னையும் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க" என்றார் அக்கா.

"வரும்போது எடுப்போம். எறக்கத்துல நீ ஓட்டு."

"பிலிம் ரோல் நெறைய இல்லீங்க, சின்ன முதலாளி" என்றேன்.

"ஒங்க வேல பொத்தான அமுக்குறது" என்றார். அதுவும் உண்மைதான்.

ஹுன்னஸ்கிரிய தாண்டி மலைப்பாதை தொடங்கியது. பாதை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மழைத்தண்ணீர் இறங்கிய வழியில் கல்லைக் கொட்டியிருந்தார்கள். முதல் செங்குத்தான ஏற்றத்திலேயே கார் இருமி நின்றுவிட்டது. தியாகு இறங்கிப் பொனட்டைத் திறந்து நெடுநேரம் உள்ளே பார்த்தார். எதைப் பார்த்தார் என்று அவருக்கும் தெரியாது. அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "என்ஜின் மேல போயிடுச்சு, சீட்டுக்கு அடியில டேங்க் கீழ நிக்குது. எப்படிண்ணே பெட்ரோல் ஏறும்? திருப்பி, ரிவர்ஸ்ல ஏத்தினா டேங்க் மேல வந்திடும்."

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். எங்களை இறங்கச் சொன்னார். கழுத்தைப் பின்னால் திருப்பியபடியே, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் ஒன்றுமே இல்லாததுமான அந்த வளைவுகளில், காரைப் பின்பக்கமாக ஏற்றிக்கொண்டு போனார். ஒவ்வொரு வளைவிலும் நான் டயருக்குக் கல் கொடுத்தேன். தியாகு தொப்பியைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அவரால் முடிந்த ஒத்தாசை அது.

ஒரு வளைவில் நான் கேமராவைத் தூக்கினேன். தியாகு பாய்ந்து வந்து லென்ஸைக் கையால் மூடினார். "பைத்தியமா ஒங்களுக்கு? காரு பின்பக்கமாப் போறத எடுத்தா ஊரே சிரிக்கும்!"

உச்சிக்குப் போனதும் சமதரையில் தியாகு காரைத் திருப்பித் தரச்சொல்லி ஏறிக்கொண்டார். புழுதி பறக்க ஓட்டினார், எடுத்தேன். பம்பரில் ஒரு காலை வைத்துத் தூரத்து மலையைச் சுட்டினார், எடுத்தேன். சுட்டிய இடத்தில் ஒன்றுமில்லை. ரோல் முடிந்து கேமரா வெறுமனே கடகடத்தது. அந்தப் பக்கம் அக்கா கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு, ஏறி வந்த பாதையைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ கல்யாணங்களைப் படமெடுத்திருக்கிறேன், அப்படியொரு சந்தோஷத்தைக் கண்டதில்லை. இறக்கமெல்லாம் அக்காதான் ஓட்டினார், ரோல் இல்லாமல்.

சினிமாச் சுருளைக் கழுவ எங்கள் இருட்டறையில் வசதி இல்லை; அது வெளிநாட்டுக்குப் போய் வர மூன்று மாதம் ஆனது. வீட்டில் அக்கா எவ்வளவு சொல்லியும் முதலாளி, "படம் வரட்டும்" என்பதோடு நிறுத்திக்கொண்டாராம். வந்த வாரமே ஹாலில் வெள்ளை வேட்டியைக் கட்டி, கதிரைகளை வரிசையாகப் போட்டு, சொந்தக்காரர்களையும் கூப்பிட்டுவிட்டார்கள். வடைக்கும் குறைவில்லை. புரொஜெக்டரை நான் ஓட்டினேன். தியாகு வந்தார், தியாகு போனார், தியாகு மலையைச் சுட்டினார். அக்கா ஒரே ஒரு தடவை வந்தார், அண்ணனுக்கு பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்ற.

"சரோஜா ஓட்டுறது எங்க?" என்று கேட்டார் முதலாளி.

"தெல்தெனிய ரோட்டுல கொஞ்சம் ஓட்டினாப்பா. மலையில அவளால எப்படி?"

அக்கா எழுந்து நின்றார். "மலையில நான்தாம்பா ஏத்துனேன். அண்ணன் நடந்துதான் வந்தாரு. காரு நேரா ஏறல. ரிவர்ஸ்லயே மேல வரைக்கும் ஏத்துனேன்."

அத்தை ஒருத்தி, "என்னடி, மலையப் பின்பக்கமா ஏறினியா?" என்று கேட்க, ஹால் முழுவதும் வெடித்துச் சிரித்தது.

"உண்மைதாங்க. பின்பக்கமாத்தான் ஏறிச்சு" என்றேன் நான். சிரிப்பு இன்னும் பெரிதாகியது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் தியாகு. முதலாளி கண்ணில் வந்த நீரைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா, சரி. அந்த வேலைய வேற யாருக்காவது குடுக்கட்டும்" என்றார். அவ்வளவு சுலபமாக முடிந்தது. இரும்பை நிறுத்து விற்றே முடி நரைத்த மனிதருக்கு, மகளின் சொல்லை மட்டும் நிறுக்கத் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் புரொஜெக்டரைத் தூக்கிப் போட்டிருப்பேன். ஸ்டூடியோ சொத்தாயிற்றே என்று விட்டேன்.

அடுத்த தை மாதத்தில் அக்காவை மாத்தளையில் கட்டிக்கொடுத்தார்கள். தியாகு அந்தப் படத்தை வந்தவன் போனவனுக்கெல்லாம் போட்டுக் காட்டி, கடைசியில் பூஞ்சணம் பிடித்துச் சுருள் ஒட்டிக்கொண்டது. கார் பழைய இரும்பாக, அவர்கள் கடைக்கே எடைக்குப் போனது. ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். பிறகு மகாவலியை மறித்து அணை கட்டினார்கள். பழைய தெல்தெனியா, கடைவீதியும் வயலும் பாலமும் பாடசாலையுமாக, நீருக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒருநாள் கண்டி மார்க்கட்டில் சரோஜா அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்து, கையில் மரக்கறிப் பையுடன் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. சும்மா இருக்காமல், "அக்கா, அதுக்கப்புறம் கார் ஓட்டவே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்க தம்பி ஓட்டுறது?" என்று சிரித்தார். "அந்த ஸ்கூல்தான் தண்ணிக்குள்ள போயிடுச்சே."

தண்ணீர் வந்தது நாங்கள் மலை ஏறிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முப்பது வருஷம் கழித்து.